இரண்டு கையெழுத்துகள்

தியாஸின் கையெழுத்தில் மூன்று சுழிகள். மூன்றாவது சுழியைப் பிசகில்லாமல் முடித்த திருப்தியோடு வருகைத் தாளைப் பின்வரிசைக்குத் தள்ளினாள் ரெங்கனிஸ். தன் கையெழுத்தை அதற்கு முன்பே போட்டிருந்தாள்.

இந்தோனேசியாவின் மாலாங் நகரில் பொறியியல் முதலாண்டு. காலை ஏழு மணி வகுப்பு. இயற்கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த ஒரே பாடம். வராதவளுக்கு வந்தவள் கையெழுத்துப் போடுவதை அங்கே யாரும் உதவி என்றுகூடச் சொல்வதில்லை. "போட்டுடுடி, கண்ணே திறக்க முடியல" என்று தியாஸ் ஆறரைக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்.

ரெங்கனிஸுக்கே ஏற்கெனவே மூன்று நாள் வருகை போயிருந்தது. நான்காவது நாளும் போனால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அடுத்த வருடம் புதுப் பிள்ளைகளோடு இதே பெஞ்சு. அதனால்தான் இன்று சளியும் இருமலுமாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

தாள் சுற்றி முடிந்து ஆசிரியை ஹர்தினி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. பாடம் எடுக்க வேண்டியவர் மெல்லத் தலைகளை எண்ணத் தொடங்கினார். இது புதுசு.

"கையெழுத்து அறுபத்திரண்டு. தலை அறுபத்தொண்ணு" என்றார். "பேர் சொல்லிக் கூப்பிடறேன். வந்து கணக்குப் போடுங்க. ஆள் வரலேன்னா அந்தப் பேரும் இல்ல, அந்தப் பேரைப் போட்ட கையும் இல்ல."

அவர் விரல் தாளில் இறங்கிக்கொண்டே வந்து நின்றது.

"தியாஸ்."

யோசிப்பதற்கு முன்பே ரெங்கனிஸின் கால்கள் எழுந்துவிட்டன. பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

பலகையில் இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று. நேர்மாறு காண வேண்டும். பயத்தில் அவளுக்குக் கணக்கு எப்போதும் நன்றாக வரும். மூலைகளை மாற்றினாள், குறிகளை மாற்றினாள், வகுத்தாள், கோடு கிழித்தாள்.

"தொண்ணூறு" என்று பதிவேட்டில் குறித்தார் ஹர்தினி அம்மா. "இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்த, தியாஸ்?"

ரெங்கனிஸ் பணிவாகச் சிரித்தாள். ஆபத்து விலகிவிட்டது.

"அடுத்து, ரெங்கனிஸ்."

மார்க்கர் கையிலேயே இருந்தது. வகுப்பு முழுவதும் அவள் முதுகைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

அவளிடம் இருந்தது ஒரே உடம்பு. அதைத் தியாஸுக்குக் கொடுத்துவிட்டாள். வகுப்பின் நடுவில் நின்றுகொண்டே அவள் வகுப்புக்கு வராதவள் ஆகப்போகிறாள்.

"ரெங்கனிஸ் இல்லையா?"

"இருக்கேம்மா."

திரும்பிப் பார்க்காமலே குரல் தெரிந்தது. பின்கதவு ஓரத்தில், நனைந்த மழைச்சட்டையோடு, தலைமுடி வாராமல் தியாஸ். கண் திறந்துவிட்டது போலிருக்கிறது. அவள் நேராக வந்து ரெங்கனிஸின் கையிலிருந்து மார்க்கரை வாங்கிக்கொண்டாள்.

"என் பேருக்கு நீ போயிட்ட. மிச்சம் இருந்தது இதுதான்டி" என்று உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

அவளுக்கு வந்தது நிகழ்தகவு. சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ மழை பெய்வதற்கான வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு நாளைக்கும் பூஜ்யம் புள்ளி ஏழு. தியாஸ் இரண்டையும் கூட்டி ஒன்று புள்ளி நான்கு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

இருக்கைக்குத் திரும்பியிருந்த ரெங்கனிஸ் நகத்தைக் கடித்தாள். ஒன்றைத் தாண்டாதுடி, நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது.

ஹர்தினி அம்மா பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுன்னா மழை நிச்சயம். உன் கணக்குல நிச்சயமா பெஞ்ச பிறகும் கொஞ்சம் பாக்கி இருக்கே. அதை எங்க பிடிச்சு வைக்கப் போற, ரெங்கனிஸ்?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தியாஸும் சேர்ந்து சிரித்தாள். அது அவள் பேர் இல்லையே.

"நாற்பது."

ரெங்கனிஸ் வாழ்க்கையில் நாற்பது வாங்கியதில்லை. வாங்கியபோது எழுந்து நின்று மறுக்கவும் முடியவில்லை.

ஹர்தினி அம்மா இன்னொரு முறை தலைகளை எண்ணினார். "அறுபத்திரண்டு. கணக்கு சரியாயிடுச்சு" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கினார்.

வகுப்பு முடிந்ததும் ரெங்கனிஸ் மேசைக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடத்தான். மனசாட்சி என்று சொல்ல முடியாது, அந்த நாற்பதுதான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

"அம்மா, ஒரு விஷயம்..."

ஹர்தினி அம்மா பலகையை அழித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "மேசையில பதிவேடு இருக்கு. பாத்துட்டுப் போ. உன் தோழிகிட்டயும் சொல்லிடு."

பார்த்தாள்.

தியாஸுக்கு நேரே தொண்ணூறு அடிக்கப்பட்டு அறுபத்தைந்து. ரெங்கனிஸுக்கு நேரே நாற்பது அடிக்கப்பட்டு அறுபத்தைந்து. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறார்.

பக்கத்தில் வருகைக் கட்டம். அதிலும் வகுத்திருந்தார். ஆளுக்கு அரை நாள்.

ரெங்கனிஸ் வாசலுக்குப் போகும்வரை விரல் விட்டு எண்ணினாள். ஏற்கெனவே போனது மூன்று. இன்றைக்கு அரை.

நான்கு ஆகவில்லை.