தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

"இந்தத் தண்ணிய ஊத்துனது யாரு?"

அர்ஷியா போட்ட சத்தத்தில் ஷெட்டே அதிர்ந்தது. தொட்டிக்குள் மீட்டரை விட்டால் உப்பின் அளவு எகிறி நிற்கிறது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் இயந்திரம் அது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எது உள்ளே போனாலும் அதன் மெல்லிய சவ்வு கெட்டுவிடும். கெட்டுத்தான் போயிருந்தது.

நாளைக்குச் சுகாதாரத் துறை அதிகாரிகள் வருகிறார்கள். மலைக் கிராமங்களில் கரண்ட் போனாலும் தடுப்பூசிப் பெட்டி ஹைட்ரஜனில் ஓடும் என்று காட்டியாக வேண்டும். தவறினால் இரண்டு வருட உழைப்புக்கும் ஒரு பெரிய கும்பிடு.

"நான்தான்" என்றான் சுந்தர். கூடப் படித்தவன், தொழிலில் கூட்டாளி. "டிஸ்டில்டு வாட்டர் தீந்துட்டு. குழாய்ல பிடிச்சு ஊத்திட்டேன்."

"நீயெல்லாம் இன்ஜினியரா?"

"தாமிரபரணித் தண்ணில்லா, ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

நெல்லைக்காரர்களுக்கு இந்தத் தண்ணீர்ப் பெருமை எப்போதும் உண்டு. வெளியூரில் ஒரு வாய் குடித்தாலே முகம் சுளிப்பார்கள். அதற்காக இயந்திரத்துக்குமா ஊற்றுவது?

அர்ஷியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை.

"நாளைக்கு நீ வர வேண்டாம், நானே பாத்துக்கிடுதேன். இனிமே கம்பெனியிலயும் நீ வேண்டாம்."

"சரி. சவ்வ மாத்துத வரைக்கும் இருக்கேன். உனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்லா."

கைவசம் ஒரே ஒரு சவ்வுதான் மிச்சம். இருவரும் இயந்திரத்தைப் பிரித்து, குழாய்களையெல்லாம் அலசி, புதுச் சவ்வைப் பொருத்தினார்கள். மறுபடி குமிழி விட ஆரம்பித்ததும் சுந்தர் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் அதிகாரி அம்மா மெயினை அணைக்கச் சொன்னார். பெட்டி நிற்கவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். குளிரும் குறையவில்லை.

"பிரமாதம்! ஒத்த ஆளா செஞ்சதாம்மா?"

"ஆமா மேடம்" என்றாள் அர்ஷியா. செய்த தப்புக்கு அவன் படட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஆர்டரும் உறுதியானது. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், சாத்தான்குளத்துக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்த அவள் உம்மா ஜனாபா பையும் கையுமாக நேரே ஷெட்டுக்கு வந்தாள்.

"ஏட்டி, ஓடிச்சா?"

"ஓடிட்டு உம்மா. ஆர்டர் கெடச்சிட்டு!"

"அல்ஹம்துலில்லா! ஓடாம இருக்குமா? நேத்து விடியக்காலம் பஜ்ரு தொழுதுட்டு, யாசீன் ஓதி ஊதுன தண்ணிய ஒரு செம்பு நான் அந்தத் தொட்டியில ஊத்திட்டுல்லா போனேன்!"

அர்ஷியா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா... இது சுந்தருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? பஸ்ஸுக்குப் போகும்போது எதிர வந்தான், சொன்னேன். ஒரு நிமிசம் அப்படியே நின்னான். பொறவு சிரிச்சுட்டு, 'இனி ஜோரா ஓடும், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க உம்மா'ன்னான். தங்கமான புள்ள. ஆமா, இவ்வளவு சந்தோசத்துல அவன எங்கட்டி காணோம்?"