நாலு நாள் இருட்டு

பூரணியின் மீன்தொட்டியில் பாசி பெருகி, உள்ளே இருந்த ஒற்றை மீன் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. மருந்து ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அது தொட்டியில் இருக்கும் நத்தைகளையும் கொன்றுவிடும்.

"வெளிச்சத்தைத் தின்னுதான் பாசி வளருது. நாலு நாள் பட்டினி போட்டா அடங்கிடும்" என்று கறுப்புப் போர்வையால் தொட்டியை மூடினாள்.

"மீன் செத்திருக்கும் பூரணி" என்றான் கணவன் ஜெயசீலன். அவளுக்குக் கரு கலைந்த இந்த இரண்டு மாதத்தில் அவன் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது.

பகலெல்லாம் அவள் போர்வைமேல் காதை வைத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் அவனும் மறுபக்கம் வந்து காது வைத்தான். உள்ளே ஏதோ மெல்லத் திரும்பிப் படுப்பது போலிருந்தது.

ஐந்தாம் நாள் காலை போர்வையை விலக்கி, இருவருமாய்ப் பாதித் தண்ணீரை மாற்றினார்கள். தொட்டி காற்றைப்போலத் தெளிந்தது. இலைகளுக்கிடையே மீன், நிறம் வெளுத்து, வாயை மட்டும் திறந்து மூடியபடி நின்றது.

"இருக்குங்க" என்றாள்.

ஜெயசீலன் கண்ணாடியில் விரலை வைத்தான். மீன் அதை நோக்கி மிதந்து வந்தது.

"ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேன்" என்றான்.

எதற்கென்று அவள் கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.