வலது பக்கத்துச் சிவப்பு

"சாயங்காலம் அவர் வெளியூர்லேர்ந்து வந்ததும் இதைப் பார்த்து அசந்து போயிடணும். இன்னிக்கு அவருக்குப் பிறந்தநாள்" என்றாள் அவள்.

ஷெட்டில் உறை போட்டு மூடிக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு பெயிண்டர் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வெளிறிப் போயிருந்த சிவப்புக்கு, மெஷின் பட்ட இடமெல்லாம் உயிர் வந்தது.

"இவ்வளவு அழகான வண்டியை ஏம்மா இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க?"

"உயிரா வெச்சிருந்தார். என் தம்பி செத்ததிலிருந்து தொடறதே இல்லை. மச்சினன்மேல அவ்வளவு பாசம். என்னைவிட அவர்தான் தேம்பித் தேம்பி அழுதார்."

வலது முன்பக்கத்துக்கு வந்ததும் பெயிண்டர் மெஷினை நிறுத்தினார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"இங்கே மட்டும் பெயிண்ட் புதுசும்மா. உள்ளே நல்லா நசுங்கியிருக்கு. பட்டி வெச்சு மூடி, மேலே அடிச்சிருக்காங்க. எதையோ பலமா இடிச்சிருக்கு."

"இருக்காதுங்க. ஒரு கீறல் விழுந்தாலே வீட்டை ரெண்டு பண்ணிடுவார். இதைச் சொல்லாம இருப்பாரா?"

"இந்த பெயிண்ட் கொஞ்சம்கூட வெளுக்கலை. அடிச்சப்புறம் வண்டி வெயிலையே பார்த்திருக்காது."

அவள் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தம்பியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்று போலீசுக்கு இன்றுவரை தெரியாது.

"என்னம்மா, இதையும் பளபளன்னு ஆக்கிடவா?"

"வேண்டாம். பட்டியை மொத்தமா சுரண்டி எடுத்துடுங்க. நசுங்கினது நல்லாத் தெரியணும்."

"பிறந்தநாள்னு சொன்னீங்களேம்மா?"

"ஆமா. அவர் வந்ததும் பார்த்து அசந்து போயிடணும்."