குட்டன் மோர்கன், மிஷினே!

"குட்டன் மோர்கன்!" என்று மிஷினுக்குத் தலை வணங்கினார் ஃபோர்மேன். பின்னால் வரிசையாக நின்ற ஆட்களும் ஒரே குரலில் "குட்டன் மோர்கன்!" என்றார்கள். அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போட்டார்கள்.

மிஷின் அட்டையை விழுங்கி, மடித்து, ஒட்டி, அந்தப் பக்கம் பெட்டி பெட்டியாகத் துப்ப ஆரம்பித்தது. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஃபோர்மேனுக்குத்தான் வயிறு எரிந்தது.

வந்த நாளிலிருந்து இந்தச் சனியன் ஒரு நாளாவது சொன்ன கணக்குக்குப் பெட்டி போட்டிருக்குமா? நேற்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "நாளைக்கு அந்த ஜெர்மன் இன்ஜினீயர் வர்றார். குத்தம் மிஷின்லயா, உன்கிட்டயான்னு அவர் வாயாலயே கேட்டுடுவோம். உன்கிட்டன்னா, நீ வேற இடம் பார்த்துக்க."

தலை நரைக்கிறவரை உழைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

"ஏண்ணே, மத்தியானம் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கிறோமே, அதை விட்டாலே கணக்கு வந்துடும்ல?" என்றாள் ஆபரேட்டர் பெண்.

"சும்மா இரும்மா. மிஷினை மாட்டின அன்னைக்கு அந்த இன்ஜினீயரே சொன்னது. ரோலரைத் தினம் துடைக்கணும், பசைத் தொட்டியைச் சாயங்காலம் கழுவணும், சாப்பாட்டு நேரத்துக்கப்புறம் லைட்டை அணைச்சு இதுக்கு ஓய்வு கொடுக்கணும். மோட்டார் சூடு சமாச்சாரமா இருக்கும்."

"அப்ப காலையில ஜெர்மன்ல வணக்கம் சொல்றோமே, அந்தக் குட்டன் மோர்கன்?"

"உள்ள மைக் வச்சிருப்பாங்க. குரல் கேட்டாத்தான் முழிச்சுக்கும். ஒரு நாள் சொல்லாம விட்டு, ஏதாவது எக்குத்தப்பா ஆச்சுன்னா முதலாளி என் தோலை உரிச்சுடுவார்."

ஷெட்டில் ஃபோர்மேனுக்குப் பட்டப்பெயர் 'பட்டாசு'. அவர் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்டவர் மிஷினை மாட்டின அன்று அந்த ஜெர்மன்காரரிடம் தன் கைவசம் இருந்த ஜோக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டும், மனிதர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"இத்தாலிக்காரன் கையை ஆட்டினாலே சிரிப்பு வரும். இங்கிலீஷ்காரன் சாவு வீட்டுலயும் ஜோக் அடிப்பான். ஜெர்மன்காரன் சிரிக்கணும்னா மனுப் போட்டு, பதில் வந்தப்புறம்தான் சிரிப்பான்" என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார் பட்டாசு.

ஆனால் வேலையில் அந்த ஆளைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசுவார். சிலதைச் சொல்லிவிட்டு, புருவத்தைத் தூக்கி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் காத்திருப்பார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினதும் ஒரு பெருமூச்சு விட்டு ஸ்பேனரை எடுப்பார். எவ்வளவு அக்கறை!

இன்ஜினீயர் வந்தார். கூடவே முதலாளி. மிஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உள்ளே தலையை விட்டு, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, மறுபடி மூடியை மாட்டி ஓடவிட்டார்.

கடைசியில் அவர் நிமிர்ந்து, "மிஷின் மிக நன்றாக இருக்கிறது. ஒரு குறையும் இல்லை" என்றார்.

முதலாளி ஃபோர்மேனைத் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் என்னய்யா சொல்ற?"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. ஆபரேட்டர் பெண் ஓடிப்போய் மிஷினை நிறுத்தினாள், லைட்டை அணைத்தாள். ஆட்களெல்லாம் உதட்டில் விரலை வைத்தபடி பூனைபோல வெளியே நழுவினார்கள்.

"மின்சாரம் போய்விட்டதா?" என்றார் இன்ஜினீயர் இருட்டில்.

"மெதுவாப் பேசுங்க சார். மிஷின் தூங்குது" என்று கிசுகிசுத்தார் ஃபோர்மேன்.

"தூங்குதா? பொழப்பைக் கெடுக்கிறதுக்குன்னே ரூம் போட்டு யோசிப்பியாய்யா?" முதலாளி கத்தியதில் மேற்கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஃபோர்மேனுக்கு இத்தனை நாள் அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. "நானா யோசிச்சேன்? இந்தா நிக்கிறாரே, இவரைக் கேளுங்க! இவர் சொன்னதுல ஒரு எழுத்து நான் மாத்தல. காலையில வணக்கம், மத்தியானம் தூக்கம். இது காதுபடப் பழைய மிஷினைப் புகழக் கூடாதுன்னார், இந்த வாயால ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. இதுக்கு மேல நான் என்னதான் சார் பண்ணணும்?"

இன்ஜினீயர் ஓடிப்போய் லைட்டைப் போட்டார். "நிஜமாகவா? தினமுமா?"

"ஒரு நாள் தவறினதில்ல சார்."

அன்றைக்குப் போலவே புருவத்தைத் தூக்கி, ஃபோர்மேன் முகத்தைப் பார்த்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லா முகங்களும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தன.

ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து, முதலாளியிடம் பரிதாபமாகச் சொன்னார்:

"இந்த நாட்டுக்காரர்களுக்கு ஜோக்கே புரியாது என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். நான்தான் நம்பவில்லை!"