நேர்கோடு யாருடையது

ஜாவா நிரலில் ஒன்றைக் குறைக்க வேண்டிய இடத்தில் தாராளமாக இரண்டு குறைத்துவிட்டேன். ஒரு நோயாளியின் இதயத்துடிப்பை மருத்துவமனையில் இரண்டு திரைகள் பகிர்ந்து காட்டுகின்றன. எத்தனை திரை திறந்திருக்கிறது என்ற எண்ணிக்கையில், மூடும் திரை ஒன்றைக் கழிக்கும், பூஜ்யமானால் தகவல் அழிந்துவிடும். என் புண்ணியத்தில் ஒரு திரையை மூடியதுமே பூஜ்யம். நர்ஸ் பார்க்கும் இன்னொரு திரையில் இப்போது, இதயம் நின்றதுபோல், நேர்கோடு. குரோம்பேட்டை அலுவலகத்தில் என் டீயில் ஆடை படர்கிறது. என் சீனியர் சாஜிதா அக்கா மருத்துவமனைக்குப் போட்ட போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். போனுக்குள் யாரோ ஓடும் செருப்புச் சத்தம். “அக்கா, அந்தக் கோடு என்னோடதா, அவரோடதா?” கையைக் காட்டி அடக்குகிறார். வெளியே மின்சார ரயில் கடக்கிறது. பெட்டிகளை எண்ணிப் பார்க்கிறேன், எண்ணிக்கையில் என் திறமை தெரிந்ததுதானே. அக்கா போனை இறக்குகிறார். “ஆள் உட்கார்ந்து இட்லி சாப்பிடுறாராம். கோடு உன்னோடதுதான்டா.”