கூரையில் ஓர் ஒட்டு

முதல் சொட்டு வேலாயுதத்தின் கழுத்தில் விழுந்தது.

வியர்வை என்றுதான் நினைத்தார். இரும்புக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து மூடியை முறுக்கிவிட்டால் வியர்வைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது சொட்டு உதட்டில் பட்டது. உப்பு. வியர்வையும் உப்புதான். ஆனால் வியர்வை சில்லென்று இருக்காது.

கைவிளக்கைத் தூக்கிப் பிடித்தார்.

கூரையில் டெலிபோன் கம்பிகள் உள்ளே நுழையும் துளை. அதை அடைத்துக்கொண்டு, மேலே டெலிபோனைக் கவனிக்கும் கன்னையா போட்ட ஒட்டு. தண்ணீர் புகாத கெத்தா மரப் பிசினைச் சூடாக்கி, கம்பிகளின் மேல் அடுக்கடுக்காகச் சுற்றி அழுத்தியிருந்தான். அதன் ஒரு ஓரம் லேசாக வாய் பிளந்திருந்தது.

போர்ட் சுவெட்டன்ஹாம் கழிமுகத்தில் ஈயக்கட்டிகளோடு ஒரு சரக்குப் படகு மூழ்கிக் கிடந்தது. அது எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் வேலாயுதத்தைக் கூண்டோடு சங்கிலியில் இறக்கினார்கள். தினமும் பாதி ஆழத்தில் நிறுத்துவார்கள். அவர் டெலிபோனில் சொன்னால் இறக்குவார்கள், சொன்னால் ஏற்றுவார்கள். பேச ஒரு ஜோடிக் கம்பி, கேட்க ஒரு ஜோடி. மூடியை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே இருப்பவனுக்கு வாயைத் தவிர வேறு கதவு கிடையாது.

"கன்னையா, ஒட்டுல தண்ணி வருது. தூக்கச் சொல்லு."

காதுக்குழலில் மேலே ஓடும் நீராவி யந்திரம் இரைந்தது. பிறகு கன்னையாவின் குரல்.

"சரிண்ணே."

வேலாயுதம் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

ஒட்டு ஏன் பிளந்தது என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குத் தீபாவளி. வெள்ளைக்காரத் துரைக்கு ஏது தீபாவளி? லீவு கிடையாது. விடியலில் பண்டமாரானில், கன்னையாவின் வீட்டில்தான் இரண்டு பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினார்கள். கன்னையா சீயக்காய் தேய்த்ததெல்லாம் பேருக்கு. அவன் பெண்டாட்டி புஷ்பவல்லி தோசையும் ஆட்டுக்கறியும் எடுத்து வைத்துவிட்டாள், ஆறிப்போகுமே என்ற அவசரம்.

ஒட்டுப் போடும்போது வெயிலில் அவன் நெற்றியிலிருந்து நல்லெண்ணெய் வழிந்தது. கெத்தாவுக்கு எண்ணெய் ஆகாது. பட்டால் பிடிக்காது. அவன் புறங்கையால் நெற்றியைத் துடைத்தான். அதே கையால் பிசினை அழுத்தினான்.

வேலாயுதம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "என்ன லா, புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குறே?" என்று கேலி செய்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கன்னையா அப்போது சிரிக்கும் நிலையில் இல்லை. அதற்கு முன் அவன் போட்ட இரண்டு ஒட்டுகள் கெட்டுப்போயிருந்தன. இன்னொன்று கெட்டால் காப்பார் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பால் வெட்டு என்று துரை சொல்லியிருந்தார்.

கூண்டு அசையவில்லை.

சொட்டு நூலாகி, நூல் விரல் கனத்துக்கு வந்தது. தலைத்துணியை உருவித் துளையில் வைத்து அழுத்தினார். கடல் அதைச் சாவகாசமாகத் தள்ளிவிட்டது. இந்த ஆழத்திலேயே இந்த வேகம். இன்னும் கீழே போனால் ஒட்டு மொத்தமாகப் பிய்ந்துவிடும்.

"டேய், என்னடா பண்றீங்க மேல? தூக்குங்கடா!"

"அப்படியாண்ணே? நல்லதுண்ணே." குரலில் சிரிப்பு இருந்தது.

"முட்டிக்கு வந்துருச்சு கன்னையா. வெளையாடாதே."

"ஆமாண்ணே. கறி கொஞ்சம் காரந்தான். புஷ்பவல்லிகிட்ட சொல்றேன்."

கறியைப் பற்றி வேலாயுதம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் புரிந்தது. பேசும் கம்பி நனைந்து செத்துவிட்டது. கேட்கும் கம்பிக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது. கன்னையாவின் காதில் ஒன்றும் விழவில்லை. துரை பக்கத்தில் நிற்கிறார். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காக அவன் பேசிக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குத் தண்ணீர் வருவது தெரியாது. கம்பி செத்தது மட்டும்தான் தெரியும். அண்ணன் வழக்கம்போல் பார்த்துவிட்டு வருவார், வந்ததும் துரைக்குத் தெரியாமல் ஒட்டை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பான். யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய தப்பு ஒன்றும் இருப்பதாக வேலாயுதத்துக்கே தோன்றவில்லை. தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

ஸ்பானரை எடுத்துச் சுவரில் அடித்தார். இரும்பு அலறியது. அவருடைய காதுதான் அடைத்தது. மேலே அந்த யந்திரத்தின் இரைச்சலில் இடி விழுந்தாலும் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

தண்ணீர் இடுப்பைத் தொட்டது.

காதுக்குழலில், கொஞ்சம் தள்ளி, துரையின் குரல். கூலிகளிடம் அவர் மலாயில்தான் கேட்பார்.

"பாயிக் கா?"

நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார். டெலிபோனைக் கேட்கிறாரோ, ஆளைக் கேட்கிறாரோ.

வேலாயுதம் கத்தினார். பேர் சொல்லிக் கத்தினார். கெட்ட வார்த்தையில் கத்தினார். கன்னையாவின் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கத்தினார்.

"பாயிக், துவான்" என்று துரைக்குப் பதில் சொன்னான் கன்னையா.

பிறகு, சங்கிலியை இறக்கி ஏற்றும் சின்னையாவைக் கூப்பிட்டான். ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில் வேலாயுதம் என்ன சொல்வாரோ, அதை ஒரு சொல் மாறாமல், அவருடைய இழுவையோடு சொன்னான்.

"சின்னையா, அண்ணன் சொல்றாரு. மெதுவா எறக்கு. அடி வரைக்கும்."