பூந்தொட்டி டாக்டர்

"அந்தப் பொண்ணு கையில என் முதுகைக் குடுக்க முடியாது. முடியாதுன்னா முடியாதுதான்."

சொல்லிவிட்டு மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரே வார்த்தையில் எழுந்தார் என்று எழுதிவிட்டேன். அதற்கு அவர் மேஜையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கடைசியில் மனைவியின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரைக் காப்பாற்றியவர். இப்போது முதுகெலும்பில் டிஸ்க் ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இடுப்பில் புறப்படுகிற வலி வலது கால் கட்டைவிரலில்தான் போய் நிற்கிறது.

"ரொம்பக் கெட்டிக்கார டாக்டர்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. அவ பூந்தொட்டி."

மாஸ்டரிடம் சேருகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் நிலைக்காது. முதன்முதலில் எதன்மேல் இடிக்கிறார்களோ, அதுதான் பெயர். பேங்க் மேனேஜர் ஒருவர் இன்றைக்கும் 'கம்பம்'. ஒரு தலைமை ஆசிரியை 'தபால் பெட்டி'. இன்று காலை ஆஸ்பத்திரியில் அவருடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சர்ஜன், பதினைந்து வருஷத்துக்கு முன் ரிவர்ஸ் எடுக்கும்போது வாசலில் இருந்த நாலு தொட்டிகளையும் வரிசையாக உடைத்த மாணவி.

"கண்ணாடியைப் பாருன்னா வானத்தைப் பாப்பா. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். அவ கையில கத்தியா?"

"அது காருங்க. இது வைத்தியம்."

"கை ஒண்ணுதானே?"

மனைவி ஸ்கேன் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இருபது வருஷமாக இந்த மாதிரிக் கேள்விகள் வந்தால் அவள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் போனார்கள். அவர் படத்தைப் பார்த்தார். மாஸ்டரின் காலைத் தூக்கச் சொன்னார். பாதி தூக்குவதற்குள் மாஸ்டர் முகம் கோணிப்போனதையும் பார்த்தார்.

"தள்ளிப்போடாதீங்க. கால் மரத்துப் போச்சுன்னா அப்புறம் கஷ்டம். நல்ல சர்ஜன் ஒருத்தர் பேர் எழுதித் தரேன். என் முதுகையே அவங்கதான் பண்ணாங்க."

சீட்டில் பூந்தொட்டியின் பெயர் இருந்தது.

ஆக, மறுபடியும் அதே அறை. ஆனால் இந்தத் தடவை மாஸ்டர் நோயாளியாகப் போகவில்லை, பரீட்சை அதிகாரியாகப் போனார்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கே... பண்ணியிருக்கீங்க?"

"நானூறுக்கு மேல, மாஸ்டர்."

"அதுல எத்தனை கெட்டுப்போச்சு?"

மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டாக்டருக்குக் கோபம் வரவில்லை.

"மூணு பேருக்குக் கால்ல மரப்பு முழுசாப் போகல. ரெண்டு பேருக்குத் தையல் போட்ட இடத்துல சீழ் வச்சு அப்புறம் ஆறிச்சு. அஞ்சாறு பேருக்கு மறுபடியும் பிதுங்கி, திரும்பப் பண்ண வேண்டியதாப் போச்சு. உங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"எப்ப எழுந்து நடக்கலாம்?"

"மறுநாளே நடக்க வச்சுடுவோம். ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு வேலைக்குப் போற பேச்சே கூடாது."

"இந்தக் கால்தாம்மா பிரேக்குக் கால். இது போச்சுன்னா என் பொழைப்பே போச்சு."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உள்ளே போய்விட்டது. இத்தனை நாள் அடித்த கிண்டலெல்லாம் இந்த பயத்தை மூடி வைக்கத்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மாஸ்டர் ரொம்ப நேரம் பாவமாக இருக்கிற ரகமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ ஒழுங்காத்தான் பாஸ் பண்ணியான்னு எனக்கெப்படித் தெரியும்? இந்தக் காலத்துல யார் யாரையோ பாஸ் போட்டு வெளிய அனுப்பிடறான். தகுதி இல்லாதவங்களைத் தள்ளிவிடறான் பாரு, அவனை முதல்ல உள்ள வைக்கணும். எத்தனை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"என் லைசென்ஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கா, மாஸ்டர்? மேட்டுல வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. பின் சீட்டுல இன்ஸ்பெக்டர் என்னமோ எழுதிக்கிட்டிருந்தார். வண்டி டக்குனு நின்னுடுச்சு. ஆனா என் கால் பிரேக்லயே இல்ல."

மாஸ்டர் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"நாலு தடவை ஃபெயில் ஆயிட்டு நின்னு அழுதா. மனசு கேக்கல" என்று எலும்புக்கூட்டிடம் சொன்னார் மாஸ்டர்.

"நல்ல மனசோடதான் பண்ணீங்க. எனக்குத் தெரியும்" என்றாள் டாக்டர். "ஆனா அந்த லைசென்ஸை வச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள்கூட நான் வண்டி எடுத்ததில்ல. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறித்தான் வரேன். அந்த டெஸ்டுல பாஸ் பண்ணது நீங்க, மாஸ்டர்."

மாஸ்டர் அசடு வழிந்தபடி சம்மதப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப... டாக்டர் பரீட்சை?"

"அங்க எனக்காக பிரேக் போட யாரும் இல்ல, மாஸ்டர்."